பிழைகள் போன இடம்

ஐயா, சத்தம் எனக்கு ஆகாது. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட மாடிக்குப் போய்விடுகிற ஆள் நான். மருத்துவமனையின் பதிவுகளையெல்லாம் சேமிக்கும் சர்வர் கணினியை என் பொறுப்பில் கொடுத்திருந்தார்கள். எது தவறினாலும் அது தன் பிழைப்பதிவில் ஒரு வரி எழுதும். வரிக்கு வரி என் கைப்பேசி அலறும். நாளுக்கு நானூறு தடவை. பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத புலம்பல்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்தவனை அது பதினோராவது முறையாக எழுப்பியது. சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். எங்கள் தொழிலில் ஒரு வெற்றிடம் உண்டு. எதை அனுப்பினாலும் விழுங்கிவிடும், திருப்பித் தராது. பிழைகளையெல்லாம் அங்கே திருப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நாளைக்கே சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளை, நாளை என்று பதினேழு நாள் ஓடிவிட்டது.

வரியை மாற்றிய மறுநாளே ஒரு டீச்சரம்மா காய்ச்சலோடு வந்தார். அவருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நர்ஸ் கணினியில் பதிந்தார். 'சேமிக்கப்பட்டது' என்றது திரை. சர்வர் சேமிக்கவில்லை, அதைச் சொன்ன வரியும் வெற்றிடத்தில் விழுந்தது. டாக்டர் பார்த்தபோது ஒன்றுமில்லை. அந்த ஊசியையே போட்டார். டீச்சரம்மா போய்ச் சேர்ந்தார்.

அந்த நர்ஸ் என் அண்ணி.

"சத்தியமா நான் பதிஞ்சேன் தம்பி. நீ தேடினா கிடைக்காம போகாது" என்றார்.

விசாரணைக் குழுவும் என்னையே தேடச் சொன்னது. திருடன் கையில் சாவி. முதல் வேலையாக அந்த வரியைப் பழையபடி மாற்றினேன். பிறகு, பிழைகள் எங்கே போகின்றன என்று மூன்று நாள், ஒவ்வொரு கோப்புறையாக அவர்களுக்குத் திறந்து காட்டினேன்.

"என்னப்பா, இத்தனை நாளுக்கு ஒரு வரிகூட இல்லையே?" என்றார் ஒருவர்.

"பிழை நடந்தாத்தானே சார் எழுதும்?"

அந்த ஒரு பதிலில் அண்ணியின் வேலை போயிற்று. டீச்சரம்மாவின் கணவர் எங்கள் வாசலில் நின்று அண்ணியைக் கொலைகாரி என்றார். அண்ணன் அண்ணியோடு பேசுவதில்லை. கொன்றது நான், ஐயா. நெஞ்சு அறுக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நேற்று அண்ணி அழுதார். "நான்தான் பதியாம விட்டுட்டேன் போல, தம்பி."

"விடுங்க அண்ணி, யாருக்குத்தான் தப்பு வராது?" என்று தேற்றினேன். எங்கள் குடும்பத்தில் அவரை மன்னித்தது நான் ஒருவன்தான்.