மஞ்சள் குறி

பான்டெசால் ரொட்டியைப் பிய்த்து உள்ளே ஒருமுறை பார்க்காமல் நான் வாயில் வைப்பதில்லை. நீங்கள் அன்போடு வாங்கிவைத்ததையும் அப்படித்தான் பிய்த்தேன், மேடம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் பழக்கம். ரொட்டி நன்றாக இருக்கிறது.

பெயர் ஃபெர்மின் ஓர்தலேஸா. வயது நாற்பத்தாறு. இலோய்லோ நகரம், ஹாரோ வட்டாரம். பதினாறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில், விபத்துக் கோரிக்கைகளை நிராகரிக்கும் பிரிவில் இருந்தேன். இப்போது 'முதலில் விசாரி' என்ற இணையப் பக்கத்தை நடத்துகிறேன். தர்மம் கேட்டு யாராவது படம் போட்டால், அது உண்மையா என்று தோண்டிப் பார்த்துக் குறி போடுவேன். பச்சை என்றால் கொடு. சிவப்பு என்றால் மோசடி. மஞ்சள் என்றால் விசாரணை நடக்கிறது, பொறு. ஒரே குழந்தையின் எக்ஸ்ரேயை வைத்து மூன்று தீவுகளில் வசூல் செய்தவனைப் பிடித்த பிறகு ஒன்பது லட்சம் பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். ஆர்ச்பிஷப்பின் செயலாளர்கூட உண்டியல் வைக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்பார்.

எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் தாலாட்டுவது போலிருக்கும் என்று மணிலாக்காரர்கள் கேலி செய்வார்கள். நீங்கள் மணிலாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் சொல்வதில் வருத்தம் தெரியவில்லை என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். அது எங்கள் ராகம்.

நெரிஸ்ஸா கெல்லாடாவின் விஷயத்துக்கு வருகிறேன். குயிம்பால் ஊர்க்காரி, மீன் கருவாடு போடுகிற வீட்டு மருமகள். அவளுடைய மகள் ஆமிஹான் பித்தக்குழாய் இல்லாமல் பிறந்தவள், பத்து மாதக் குழந்தை. நெரிஸ்ஸா அவளைத் தூக்கிக்கொண்டு ஜீப்னியிலிருந்து இறங்கியபோது ஒரு செருப்பு வண்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு அவள் ஆஸ்பத்திரி நடையில் ஓடியதை யாரோ படம் பிடித்தார்கள். அவ்வளவுதான், நாடு முழுக்க ஒற்றைச் செருப்புச் சவால். ஒரு நாள் முழுக்க ஒற்றைச் செருப்போடு நட, படம் போடு, மூன்று பேரைக் கோர்த்துவிடு, பணம் அனுப்பு. ஓர் அரசியல்வாதி ஒற்றைச் செருப்போடு பாலம் திறந்தார். இன்னொரு செருப்பைத் தட்டில் ஏந்தி உதவியாளர் பின்னால் நடந்தார். ஓர் அழகு நிலையத்தில் வெறுங்காலுக்கு மட்டும் பாதி விலையில் நகப்பூச்சு. குழந்தைக்கு என்ன நோய் என்று அவர்களில் யாரையாவது கேட்டிருந்தால் பாதிப்பேர் காலைக் காட்டியிருப்பார்கள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை ஆதங்கமாகச் சொல்லவில்லை, ஒழுங்குக்காகச் சொல்கிறேன். ஒரு நேர்காணலில் நெரிஸ்ஸாவிடம் கேட்டார்கள்: "மானோங் ஃபெர்மின் பச்சைக் குறி போட்டுட்டாரா, இந்தாய்?" மானோங் என்றால் எங்கள் ஊரில் அண்ணன், இந்தாய் என்றால் தங்கச்சி. அவள் குழந்தையின் முகத்தைக் கேமராவின் பக்கம் திருப்பினாள்.

"என் பிள்ளை கண்ணுலயே மஞ்சள் இருக்கு. இதுக்கு மேல எந்தக் கலர்ல அவரு குறி போடணும்? வந்து பாக்கச் சொல்லுங்க, இபோஸ் அவிச்சுத் தரேன்."

நாடு சிரித்தது. நானும் சிரித்தேன். என் அக்கா பெலென் பக்கத்தில் இருந்தாள். இணையப் பக்கத்துக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள் அவள்தான். "தோதோ, சிரிக்கிறப்ப உனக்குப் பல்லு மட்டுந்தான் தெரியுது" என்றாள். நாற்பத்தாறு வயதிலும் அவளுக்கு நான் தோதோதான், சின்னப் பயல்தான்.

மார்ச் எட்டாம் தேதி குயிம்பாலுக்குப் போனேன். ஒழுங்காக விசாரித்தேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பாவின் ஈரலில் ஒரு துண்டை எடுத்துக் குழந்தைக்கு வைக்க வேண்டும். இந்தியாவில் ஒரு மருத்துவமனை தேதி கொடுத்திருந்தது, மார்ச் இருபத்தேழு. அதற்கு மேல் குழந்தை தாங்காது என்று மருத்துவர் எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்தேன், மருத்துவரைப் போனில் பிடித்தேன், முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. குழந்தையையும் பார்த்தேன். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோரிக்கையை நான் பார்த்ததில்லை.

அன்று அந்த வீட்டில் சாவு. நெரிஸ்ஸாவின் மாமனார் இறந்து இரண்டு நாள். முன்னறையில் பெட்டி, தலைமாட்டில் விளக்கு. முற்றத்துப் பந்தலில் நான்கு மேசை போட்டுச் சீட்டாட்டம். ஜெயித்தவர்கள் ஒரு பங்கை டப்பாவில் போடுவதும், அது அடக்கச் செலவுக்குப் போவதும் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நெரிஸ்ஸா ஒரு மேசையில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. ஒரு கிழவர் வம்புக்கு இழுத்தார்.

"ஏ இந்தாய், உன் மாமனார் உசுரோட இருந்தப்ப எங்கிட்ட ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல. செத்த பிறகுதான்யா மனுசன் சம்பாதிக்கிறான்."

"அதான் தாத்தா, பெட்டிக்குள்ள சிரிச்சிட்டே படுத்திருக்காரு. போடுங்க பங்க."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்போது ஒரு படம் எடுத்தேன். எனக்கு இபோஸ் வந்தது, குருத்தோலையில் சுற்றி அவித்த ஒட்டரிசி, சொன்ன வாக்கு மாறாமல். தென்னங்குருத்தைப் பிரித்து, பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தின்றேன். புறப்படும்போது அவள் வாசல்வரை வரவில்லை. சாவு வீட்டில் யாரும் வழியனுப்ப மாட்டார்கள், அது முறை. ஆனால் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "மானோங், உங்க குறி வரலன்னாலும் பரவால்ல. வயிறு ரொம்பிச்சா?"

சாவு வீட்டிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போகக் கூடாதல்லவா. ஆவி பின்னால் வந்துவிடும். அதனால் வழியில் ஒரு பட்சோய் கடையில் இறங்கினேன். சூப்பு ஆறும் வரை கையில் வேலை இல்லை. படத்தை எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம், திறந்த கதவுக்குள், பெட்டி, விளக்கு, வெள்ளை ரிப்பன். வலது பக்கம் நெரிஸ்ஸா, சீட்டு, காசு, யாரோ வைத்த பீர் பாட்டில், சிரிப்பு. இடது பக்கம் வெளிச்சம் சரியில்லை. வெட்டினேன்.

கீழே எழுதியது இவ்வளவுதான்: "ஆமிஹானின் அம்மா, இன்று மதியம். நான் ஒன்றும் சொல்லவில்லை. விசாரணை நடக்கிறது." மஞ்சள் குறி போட்டேன். அதில் ஒரு பொய்யைக் காட்டுங்கள், மேடம். அவள்தான் அம்மா. மதியம்தான். நான் ஒன்றும் சொல்லவும் இல்லை.

மஞ்சள் விழுந்தால், பணம் திரட்டும் தளம் அந்தப் பணத்தை முடக்கி வைக்கும். அது அவர்களுக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. கொடுத்தவர்கள் விரும்பினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நிறையப் பேர் விரும்பினார்கள். அரசியல்வாதி இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். சந்தையில் நெரிஸ்ஸாவைப் பார்த்து "சீட்டு ராணி, இன்னைக்கு யாரை வச்சு ஆட்டம்?" என்று கேட்டார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. பண்பாகக் கருத்திடுங்கள் என்று இணையப் பக்கத்தில் எழுதினேன்.

பதினாறாம் தேதி அவளிடமிருந்து செய்தி வந்தது. அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். "மானோங், என் மாமனார் பெட்டிக்குப் பக்கத்துலதானே உக்காந்து தின்னீங்க. அது சாவு வீடுன்னு ஒரு வரி எழுதிடுங்க. பதினோரு நாள்தான் இருக்கு. நான் பேசுனது தப்புன்னா மன்னிச்சுருங்க."

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தோதோ, பெட்டி எங்கடா?"

"படத்துல வரல."

"வரலயா, வெட்டுனியா?"

"விசாரணை நடக்குதுக்கா. முறைன்னு ஒண்ணு இருக்கு. படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லு."

"அவ பிள்ளை செத்துரும்டா."

"அப்ப சீக்கிரம் நிரப்பச் சொல்லு."

அவள் மறுநாளே நிரப்பி அனுப்பினாள், பன்னிரண்டு பக்கமும். நோயாளி சிரிக்காத படம் ஒன்று கேட்டிருந்தோம், அதையும் இணைத்திருந்தாள். பத்து வருடமாக இதைத்தான் நான் மக்களுக்குச் சொல்லிவருகிறேன்: நேராக வாருங்கள், தாளைக் கொடுங்கள், கேலி பேச வேண்டாம். அவள் கற்றுக்கொண்டாள் என்பதில் எனக்குத் திருப்திதான்.

அன்றே பச்சையாக்கியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். ஒன்பது நாளில் மஞ்சளைப் பச்சையாக்கினால், நான் முதலில் தவறியதாக ஒன்பது லட்சம் பேர் நினைப்பார்கள். பிறகு நாளை ஓர் உண்மையான மோசடிக்குச் சிவப்பு போட்டால் யார் நம்புவார்கள்? எத்தனை குழந்தைகள் அதனால் ஏமாற்றப்படும்? ஒரு குழந்தையைப் பார்ப்பதா, எல்லாக் குழந்தைகளையும் பார்ப்பதா? தினமும் காலையில் அவள் கோப்பைத் திறப்பேன், எல்லாம் சரியாக இருப்பதைப் பார்ப்பேன், மூடுவேன். இருபத்தேழாம் தேதியும் திறந்தேன். அன்று மட்டும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆமிஹான் இறந்தாள்.

அடக்கத்துக்கு முன் போனேன். அதே பந்தல், அதே மேசைகள். யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. இடம் கொடுத்தார்கள், சீட்டும் கொடுத்தார்கள். அந்தக் கிழவர்தான் கலைத்துப் போட்டார். இந்த முறை பெட்டி சின்னது. எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் படத்தில் முழுதாக விழுந்திருக்கும். நெரிஸ்ஸா டப்பாவை என் பக்கம் நீட்டினாள். நான் ஜெயித்திருந்தேன். என் பங்கைப் போட்டேன்.

வெட்டாத படத்தை என் அக்காதான் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். கோபமில்லை, அவளும் விசாரிக்கப் பழகிவிட்டாள். உங்களைப் பற்றியும் நான் கொஞ்சம் விசாரித்தேன், மேடம். பிப்ரவரியில் இந்த அலுவலகப் படியில் ஒற்றைச் செருப்போடு நின்று படம் போட்டிருந்தீர்கள். மார்ச் ஒன்பதாம் தேதி பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். வெட்கப்பட வேண்டாம், பொறுப்பானவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஆம், வெட்டியது நான்தான். குழந்தை பிழைக்காது என்று தெரிந்தேதான் மஞ்சளை அப்படியே வைத்திருந்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடக்கம் முடிந்த அன்று பட்சோய் கடையில் உட்கார்ந்து, அவளுக்குப் பச்சைக் குறி போட்டுவிட்டேன். சரிபார்க்கப்பட்டது, முற்றிலும் உண்மை என்று. பத்து வருடத்தில் ஒரு தப்பான குறிகூட என் கையால் விழுந்ததில்லை.