சதுர மூஞ்சி

— ஏன்டா சம்பத்து, ஒரு கல்யாண டிவிடியை உள்ள ஏத்த இவ்ளோ நேரமா? காலையிலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரு இன்னாதான் பண்ணிகினு கீது?

— ரெண்டு தடவை ஓடணும்மா. மொதல்ல படம் முழுக்கப் பார்த்துக் கணக்குப் போடும், அப்புறம்தான் எழுதும். அப்பதான் குவாலிட்டி நிக்கும்.

— போன தபா அந்தக் கடைக்காரன் அரை மணி நேரத்துல குடுத்தானே!

— குடுத்தான். மூணு மணி நேரக் கல்யாணத்தை ஒரே சிடியில அமுக்கிக் குடுத்தான். ஷேர் ஆட்டோல இருபது பேரை ஏத்துனா எவன் மூஞ்சி தெரியும்? அதான் எல்லாரும் சதுரம் சதுரமா இருக்காங்க.

— எல்லாரும் எனக்கு வாணாம். பந்தி மட்டும் பளிச்சுனு வரணும். மாப்பிள்ளையைப் பெத்தவளை ஒரு வாய் சாப்பிடக் கூப்ட்டாளா உன் மாமியா? ரெண்டு வருசமா அவ வூட்டு வாசப்படி மிதிச்சேனா நானு?

— ஞாயித்துக்கிழமை மிதிச்சுதானே ஆகணும். உன் பேரனுக்குக் காதுகுத்து. பள்ளிக்கரணையில, அவங்க வீட்டுல.

— வர்றேன். பந்தித் துண்டை மட்டும் வெட்டிக் குடு, எல்லார் முன்னாடியும் டிவியில போட்டுக் காட்றேன். எந்த எலையிலயாவது நான் கீறேனான்னு பார்க்கட்டும். அவ மன்னிப்பு கேட்டாதான் அங்க கை நனைப்பேன்.

— வேணாம்மா. தர்ஷினி பாவம், நடுவுல மாட்டிக்கறது அவதான்.

— பொண்டாட்டி பக்கம் சாயாம வேலையைப் பாரு. இது ஸ்டுடியோலேர்ந்து வாங்கியாந்ததுதானே?

— எங்கேர்ந்தா என்ன, ஒரிஜினல். சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்.

— பழைய சிடியில பந்தியில குந்திகினு கீறாளே, அந்தச் சதுர மூஞ்சிக்காரியை நல்லாக் காட்டு. நான் பட்டினியா நிக்கறேன், அவ நாலு அப்பளம் துன்றா! அவங்க சொந்தக்காரியாத்தான் இருக்கும்.

— முடிஞ்சிடுச்சு. போடறேன்.

— ஐய, கை அசையறப்பல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருதேடா!

— இரு, அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு. ம். இப்ப?

— அடேங்கப்பா, அப்பளத்துல கொப்புளம்கூட தெரியுது!

— அம்மா, உன் சதுர மூஞ்சிக்காரியைப் பாரு. மாம்பழக் கலர் பட்டு, அரக்கு பார்டர்.

— அதே மாதிரி நம்ம பீரோவுலயும் ஒண்ணு கீது.

— மூக்குத்தியும் அதே மாதிரி. மூஞ்சியும்.

— ஐயோ... நான்தான்டா!

— பக்கத்துல நின்னு பாயசம் ஊத்தறது யாரு?

— சம்பந்தியம்மா. ரெண்டாவது தபா ஊத்தறா. போதும்னு நான் கையைக்கூட நீட்டலியே! கூப்பிட லேட்டாச்சுன்னு ஒரு கோவம் வந்துச்சுடா, அது மட்டும் மனசுல நின்னுபோச்சு. அப்புறம் வந்து கையைப் புடிச்சி இட்டுகினு போனது மறந்தே பூடுச்சு. எத்தினி பேர்கிட்ட சொல்லிகினு திரிஞ்சேன்! வெக்கமா கீதுடா.

— இப்ப வெட்டவா, வேணாமா?

— அழிச்சுடு! அந்த டிவிடியையும் ஒடைச்சுப் போடு, பழைய சிடியே போதும். இது மட்டும் அவ கண்ணுல பட்டுச்சு, நான் எந்த மூஞ்சை வெச்சிகினு அந்த வூட்டுக்குள்ள நுழைவேன்?

— ஒடைக்க முடியாதும்மா. இது பள்ளிக்கரணை அத்தை வீட்டு டிவிடி, உன் சம்பந்தியோடது. ரெண்டு வருஷமா அவங்க டிவியில நீ இவ்ளோ தெளிவாத்தான் பாயசம் குடிச்சிட்டு இருக்க.