விபியா யாருக்குச் சொந்தம்?

தலைமை தாங்கும் நகரத் தலைவர் ஃபோஸ்கா அம்மையாரே, தன் பிரசங்கத்துக்குப் பார்க்காத கடிகாரத்தை என் பேச்சுக்கு மட்டும் பார்க்கும் பங்குத்தந்தை எஜிதியோ அவர்களே, ரோக்கா செல்வினா ஊர்ப் பெரியோர்களே, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அடுப்பிலேயே விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் கைகட்டி என்னை முறைக்கும் அண்டை வீட்டு மதுக்கடைக்காரி செலிந்தா அவர்களே, உங்கள் ரொட்டிக்காரன் எவரிஸ்தோவின் பணிவான வணக்கம்.

இதோ திரைக்குள் நிற்கிறாளே சலவைக்கல் மங்கை, இவள் யாருக்குச் சொந்தம்? கல்லறையிலிருந்து பெயர்த்தெடுத்த கொத்தனுக்கா? அவனிடம் வாங்கித் தோட்டத்தில் நிறுத்திய கர்தினாலுக்கா? தோட்டம் ஏலம் போனபோது, கல் போதாமல் இவளையும் வைத்துச் சுவர் கட்டிய என் முப்பாட்டனுக்கா? அந்தச் சுவரே தங்களுடையது என்ற செலிந்தா வீட்டாருக்கா?

முகம் என் முற்றத்தில், முதுகு செலிந்தாவின் கிடங்கில். அதனால் இவள் எனக்கே என்றேன். செலிந்தா சொன்னாள்: "மூஞ்சிய நீயே வச்சுக்க. முதுகுல கைய வச்சே, அப்புறம் தெரியும் சேதி."

சிரிக்காதீர்கள். இந்தச் சண்டை இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்தது.

வசந்தத்தில் ரோமிலிருந்து லுதோவிக்கா என்ற தொல்பொருள் அதிகாரி வந்தார். "ரெண்டு பேரும் சேந்து ஊருக்குக் குடுக்குறதாக் கையெழுத்துப் போட்டா கல்லு ஊர்லயே இருக்கும். இல்லாட்டி ரோமுக்குப் போயிடும்."

"அங்க எங்க வைப்பீங்க?" என்றேன்.

"கிடங்குல."

"ஜனங்க வந்து பாக்கலாமா?"

"அதான் கிடங்குன்னு சொன்னேனே."

காலையில் அடுப்பு மூட்டும்போது நான் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டேனா? இல்லை. அவள் போட்டாளா? அவளும் இல்லை.

கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அதிகாரி அதைச் சுரண்டினார். ஈஸ்டருக்கு ஈஸ்டர், பங்குத்தந்தை வீட்டை ஆசீர்வதிக்க வருகிறார் என்று சுவரோடு சேர்த்து இவள் கழுத்துவரை சுண்ணாம்பு அடித்த மகா அறிவாளி நான். ஆமாம் தந்தையே, உங்களுக்காகத்தான். அந்தச் சுண்ணாம்பு உதிர உதிர பழைய ரோமானிய எழுத்துகள் எழுந்தன. அதிகாரி வாசித்தார்: "விபியா. அடிமையாயிருந்து விடுதலை பெற்றவள். இந்தக் கல்லறை எந்த வாரிசையும் சேராது. வழிப்போக்கரே, நின்று வணக்கம் சொல்லிச் செல்க."

பெருமக்களே, உயிரோடிருந்தபோது இவளுக்கு ஓர் எசமான் இருந்தான். அவன் கையிலிருந்து மீண்டாள். மீண்டதைக் கல்லில் வெட்டி வைத்தாள். அப்படிப்பட்டவளை "எனக்கு, எனக்கு" என்று மறுபடி இழுத்தவர்கள் யார்? கர்தினாலா? கொத்தனா? நாங்களுந்தான். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அன்று செலிந்தா அதிகாரியின் தாளை வாங்கினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "என் பேனா எழுதல. உன்னுதக் குடு."

அவள் முதலில் போட்டாள். அடுத்து நான் போட்டேன். அதனால்தான் விபியா இன்று பழைய சாலையோரத்தில், வழிப்போக்கர் நடுவில் நிற்கிறாள்.

செலிந்தா, மேடைக்கு வா, திரையின் ஒரு முனையைப் பிடி. என்ன? முதுகுப் பக்கமா? சரி, உன் இஷ்டம்.

கேட்ட காதுகளுக்கும் பொறுத்த குழம்புகளுக்கும் நன்றி. என் வணக்கத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த வணக்கம் உங்களுக்கல்ல. எல்லோரும் எழுந்து நில்லுங்கள், அவள் கேட்டதைக் கொடுப்போம்.

விபியா, வணக்கம்.