முகப்புத் தாளில் ரூபி

ஐயா, சிங்கப்பூரில் காகிதத்துக்கு எமன் ஈரக்காற்றுதான். அதனால் பழைய தாள் சேர்க்கும் எங்களைப் போன்றவர்கள், சூட்டில் ஈரம் காயட்டும் என்று அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை இரவும் பகலும் எரியவிட்டிருப்போம்.

அலெக்சாண்டர் வாத்தியாரும் நானும் ஒரே பங்குக் கோயிலுக்குப் போகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். முந்நூறு வருஷத்துப் பழைய லத்தீன் வேதசாஸ்திரப் புத்தகங்களின் முகப்புத் தாள்களைச் சேர்ப்போம். தூண்களும் மேகங்களும் சிறகு விரித்து எக்காளம் ஊதும் சம்மனசுகளும் அச்சிட்ட தாள்கள். என்னிடமிருந்த ஒன்றில், சம்மனசின் காலடியில் என் மகள் ரூபி பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தாள். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கையெழுத்து என்று வேறெதுவும் எங்களிடம் இல்லை.

வாத்தியார் பார்த்துவிட்டுத் தருவதாக அதை இரவல் கேட்டார். கொடுத்தேன். திரும்பி வந்தபோது பெயர் இல்லை. பழைய தாளை ரொட்டித் துண்டால் தேய்த்து அழுக்கெடுப்பது எங்கள் வழக்கம்.

"ஏதோ பிள்ளைக் கிறுக்கல், அந்தோனி. எடுத்துட்டேன் லா. இப்ப எவ்வளவு கிளீனா இருக்கு, பாருங்க."

"ரொம்ப நன்றி சார்" என்றேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுவிடுங்கள் என்றாள் என் மனைவி அல்போன்சம்மாள். எனக்கு ஆறவே இல்லை.

கேலாங்கில் அவருடையது பலகை வீடு. அவர் மகள் எமிலி, அவர் தாள்களை வைத்திருந்த கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுப்பாள். "வெளிச்சம் இருந்தாத்தான் தூக்கம் வரும், மாமா" என்று அவளே ஒருமுறை என்னிடம் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது வாத்தியார் எனக்குக் கோப்பி வாங்கக் கடைக்குப் போனார். நான் சின்ன பல்பைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினேன். காகிதங்களை அதன்மேல் சாய்த்து அடுக்கிக் கதவைச் சாத்தினேன். கோப்பி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றிரவு பிடித்த தீயிலிருந்து வாத்தியாரும் மனைவியும் தப்பினார்கள். பிள்ளை தப்பவில்லை. ஒரு பெயர் அழிந்தால் எப்படி இருக்கும் என்று இனி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

விசாரிக்க வந்த நீங்கள் என்னைக் கல்நெஞ்சன் என்கிறீர்கள். என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, திறந்து பாருங்கள். வாத்தியாரின் முகப்புத் தாள்கள் ஒன்றுவிடாமல் அதில் பத்திரமாக இருக்கின்றன. அலமாரியில் நான் அடுக்கியது வெறும் செய்தித்தாள். நல்ல காகிதம் எரிவதை என்னால் தாங்க முடியாது, ஐயா.