நூற்றைம்பது டாலர் துப்பாக்கி

டெல்மர்: ...அதத்தான் நானும் சொல்றேன் ஹார்லன். நெப்ராஸ்கா பூரா சல்லடை போட்டுச் சலிச்சாலும் நூத்தம்பது டாலருக்கு இப்படி ஒரு மான் துப்பாக்கி சிக்காது.

நடீன்: சிக்காம இருந்தா நல்லதுதானே.

டெல்மர்: நீ வண்டியிலயே உக்காந்திருக்கேன்னுதானே சொன்ன?

நடீன்: உக்காந்துதான் இருந்தேன். மடியில இருந்த பாத்திரம் ஆறிப்போச்சு. ஹார்லன், இத உங்க அடுப்புல வெச்சிடறேன். கோழியும் நூடுல்ஸும். போன வாரம் குடுத்த பாத்திரம் எங்க?

ஹார்லன்: கழுவி வெச்சிருக்கேன் நடீன். அந்த ஜன்னல்கிட்ட பாரு.

நடீன்: கழுவினீங்க, சரி. சாப்பிட்டீங்களா?

ஹார்லன்: ...நாய்க்கும் கொஞ்சம் போட்டேன்.

நடீன்: நாய் நல்லா தேறிடுச்சு. வாசல்லயே பாத்தேன். நீங்கதான்...

டெல்மர்: நடீன், ஆம்பளைங்க வியாபாரம் பேசிட்டு இருக்கோம்.

நடீன்: பேசுங்க, பேசுங்க. வீட்ல பதினொண்ணு வெச்சிருக்கிற மனுஷன் பன்னண்டாவது வாங்குறதப் பாக்க எனக்கும் ஆசை இருக்காதா?

ஹார்லன்: பதினொண்ணா? ஒம்பதுன்னுல்ல சொன்னான்.

நடீன்: உங்ககிட்ட ஒம்பதா? பரவாயில்ல, என்கிட்ட ஏழு. அலமாரியத் தொறந்து எண்ணினது நான்.

டெல்மர்: ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு.

நடீன்: இருக்கே. கரடிக்குன்னு ஒண்ணு. ஓடைப்பக்கம் கரடியப் பாத்துட்டேன்னு மூச்சு வாங்க ஓடியாந்தாரு. வெவரம் கேக்கறதுக்குள்ள டவுனுக்குப் போய் இவ்வளவு பெரிசா ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. மறுநாள் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, எங்க கறுப்புக் கன்னுக்குட்டி இந்தப் பக்கம் வந்துச்சான்னு கேக்குறாரு.

டெல்மர்: வெயில் கண்ணுல அடிச்சுது. எவனா இருந்தாலும்...

நடீன்: தேர்தலுக்கு முன்னாடி ஒண்ணு. தேர்தல் முடிஞ்சா வெல ஏறிடுமாம். முடிஞ்சுது, எறங்கிச்சு. எறங்கிடுச்சேன்னு இன்னொண்ணு. அப்புறம் பேத்திக்கு ஒரு சொத்தா இருக்கட்டும்னு ஒண்ணு. பேத்தி முட்டையக்கூடத் தொடமாட்டா.

ஹார்லன்: என் இர்மா இருந்திருந்தா, அந்தக் கன்னுக்குட்டி கதைய இன்னொரு தடவ சொல்லுடீன்னு கேட்டிருப்பா.

நடீன்: ...கேட்டிருப்பா.

ஹார்லன்: மே மாசம் அவ கண்ண மூடினதுலேர்ந்து இந்த சமையல்கட்டுல யாரும் சத்தமாப் பேசினது இல்ல. கெடியாரம் ஓடுறது கேக்குது. அது இவ்வளவு சத்தம் போடும்னே எனக்குத் தெரியாது.

டெல்மர்: சரி, சரி... துப்பாக்கிக்கு வருவோம்.

நடீன்: இதுக்கு என்ன காரணம்? அதச் சொல்லுங்க மனுஷா.

டெல்மர்: கட்டையப் பாரு. வால்நட் மரம். அந்த ரேகையப் பாரு. இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக். இதுக்குன்னு ஒரு... ஒரு கம்பீரம் இருக்கு. ஆம்பளையோட தோளுக்குன்னே அளவெடுத்து...

நடீன்: நம்ம சாப்பாட்டு மேஜையும் வால்நட்தான். அதுலேர்ந்து நீங்க ஒரு தட்டக் கம்பீரமா எடுத்து வெச்சு நான் பாத்ததில்ல.

ஹார்லன்: அவ சொல்றதும் நியாயம்தான் டெல்மர். உனக்கு வேண்டாம்னா...

டெல்மர்: வேணும்னுதானே வந்திருக்கேன்.

ஹார்லன்: நூத்தம்பது ஜாஸ்தின்னா நூறு குடு.

டெல்மர்: என்னது?

நடீன்: பாத்தீங்களா, கேக்காமலே கொறைக்கிறாரு. அதுல ஏதோ கோளாறு இருக்கு.

ஹார்லன்: ஒரு கோளாறும் இல்ல. எங்கப்பா வெச்சிருந்தது. போன வருஷம்கூட இதுலதான் மான் அடிச்சேன்.

நடீன்: அப்ப ஏன் விக்கிறீங்க? மான் வேட்டை சீசனுக்கு இன்னும் மூணே வாரம். இந்த நேரத்துல மான் துப்பாக்கிய விக்கிற ஆள இந்த ஊர்ல நான் பாத்ததே இல்ல.

ஹார்லன்: ...தோள் வலி.

டெல்மர்: தோள் வலிங்கறான்ல. கேள்வி கேக்காம இரு.

ஹார்லன்: எண்பது.

டெல்மர்: எறக்காதேடா. நூத்தம்பதுன்னு எழுதினே, நூத்தம்பதுதான். சொல்லப்போனா எரநூறே தர்றேன்.

நடீன்: கல்யாணமாகி நாப்பத்திரெண்டு வருஷமாச்சு. மளிகைக் கடையில, கறுத்துப்போன வாழைப்பழத்துக்கு வெல கொறைன்னு மேனேஜரக் கூப்பிடுற மனுஷன்...

ஹார்லன்: அறுபது. இன்னைக்கே எடுத்துட்டுப் போறதா இருந்தா.

டெல்மர்: இன்னைக்கேதான். எரநூத்தம்பது.

ஹார்லன்: நீ என்ன, ஏலம் எடுக்க வந்தியா? கூட ஆள் யாரும் இல்லையே.

டெல்மர்: அறுநூறு டாலர் பொருள அறுபதுக்கு வாங்கினேன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? தனியா இருக்கிறவன ஏமாத்திட்டான் டெல்மர்னு பேசமாட்டாங்க?

ஹார்லன்: ஊரு எங்க பேசுது? காலைல எட்டு மணிக்குத் தீவனக் கடைப் பலகையில, துப்பாக்கி வெலைக்குன்னு சீட்டுக் குத்திட்டு வந்தேன். வீடு வந்து சேர்றதுக்குள்ள உன் போன். அதுக்கப்புறம் ஒரு தடவகூட மணி அடிக்கல. இந்த வெலைக்கு வாசல்ல வரிசை கட்டி நிப்பாங்கன்னு நெனச்சேன்.

டெல்மர்: ஜனங்க கையில காசு இல்ல. சோளம் விக்கிற வெலையப் பாத்தேல்ல...

நடீன்: சீட்டு காத்துல விழுந்திருக்கும்.

ஹார்லன்: கடைக்குள்ள ஏது காத்து?

டெல்மர்: பேச்சு போதும். இந்தா, நூத்தம்பது. உன் வெலையும் வேண்டாம், என் வெலையும் வேண்டாம், சீட்டுல போட்ட வெல. குடு.

ஹார்லன்: பாத்துக்கோ, போல்ட்ட இழுத்துக் காட்டுறேன். உள்ள தோட்டா இல்ல.

டெல்மர்: இல்ல. பாத்துட்டேன். குடு. நடீன், வண்டிச் சாவி எங்க?

ஹார்லன்: இரு.

டெல்மர்: இன்னும் என்ன?

ஹார்லன்: நீ குழலுக்குள்ள பாக்கவே இல்ல.

டெல்மர்: பாக்காட்டி என்ன?

ஹார்லன்: பள்ளிக்கூடத்துலேர்ந்து உன்னத் தெரியும். எவன் வீட்ல எந்தத் துப்பாக்கியக் காட்டினாலும், சும்மா பாக்கக் குடுத்தாலும், போல்ட்டக் கழட்டி, குழல ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் நிப்ப. அப்புறம் பெரிய டாக்டர் மாதிரி, "ம்ம்... துரு"ன்னு சொல்லுவ. துரு இல்லாட்டியும் சொல்லுவ. அதுக்கப்புறம்தான் நீ வெலைய எறக்கவே ஆரம்பிப்ப. இன்னைக்கு உள்ள வந்ததுமே பர்ஸ எடுத்துட்டே.

டெல்மர்: மறந்துட்டேன்.

ஹார்லன்: இந்த ஊர்ல சர்ச்சுக்குள்ள தொப்பியக் கழட்ட மறந்தவன் உண்டு. குழலப் பாக்க மறந்தவன் கெடையாது.

டெல்மர்: கண்ணு இப்பெல்லாம் சரியில்லடா.

ஹார்லன்: எனக்குத் தோளு, உனக்குக் கண்ணு.

நடீன்: ரெண்டு பேரும் நல்ல டாக்டராப் பாருங்க.

ஹார்லன்: அந்தச் சீட்டு எங்க, டெல்மர்?

டெல்மர்: ...சட்டைப் பையில.

ஹார்லன்: எப்ப எடுத்த?

டெல்மர்: நீ குத்திட்டு வெளிய போனே பாரு, அப்பவே. மாட்டுக்கு உப்புக்கட்டி வாங்கிட்டு அலமாரிக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். நீ என்னப் பாக்கல.

ஹார்லன்: கெழவன்டா நீ. சீட்டுத் திருடுறியா. எதுக்கு?

டெல்மர்: வெலைய நீயே யோசிச்சுப் பாரு. சீசனுக்கு மூணு வாரம். உங்கப்பா துப்பாக்கி. நூத்தம்பது டாலர். அதப் படிச்சா இந்த ஊர்ல எவனுக்கும் புரிஞ்சிடும். காபிக் கடையில உன்னப் பத்திப் பேச்சு வர்றது எனக்குப் பிடிக்கல.

ஹார்லன்: ...என்ன புரிஞ்சிடும்?

டெல்மர்: நீதான் சொல்லணும். சொல்லாட்டியும் நான் வாங்கிட்டுத்தான் போவேன்.

ஹார்லன்: நீங்க ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா சொல்ல வராது.

நடீன்: உக்காந்துட்டோம்.

ஹார்லன்: ஷாட்கன்ன ஜூலையில மாப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன். ஒமாஹாவுல அவனுக்கு என்ன வாத்து வேட்டை... இருந்தாலும் வாங்கிக்கிட்டான். சின்னத ஆகஸ்ட்ல இர்மாவோட தம்பி பையனுக்கு. இது ஒண்ணக் குடுக்க மட்டும் மனசு வரல. அப்பாவோடதுன்னு. ஆனா சில நாள்... வீட்ல நானும் இதுவும் மட்டும்தான் இருக்கோம்னு தோணுது. தோணினா அந்த நெனப்பு போக மாட்டேங்குது.

டெல்மர்: ம்.

ஹார்லன்: வியாழக்கெழமைதோறும் டாக்டரம்மாகிட்டப் போறேன். உனக்குக்கூடச் சொல்லல. அந்தம்மாதான் கேட்டாங்க, வீட்ல துப்பாக்கி இருக்கான்னு. இருக்குன்னேன். கொஞ்ச நாளைக்கு யாராவது சிநேகிதன்கிட்டக் குடுத்து வைங்கன்னாங்க. சுலபமாச் சொல்லிட்டாங்க. நான் எப்படிடா உன் வாசல்ல வந்து நின்னு, "என் துப்பாக்கிய வெச்சுக்கோ, எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல"ன்னு சொல்றது? நாலு தடவ உன் வீட்டு ரோட்டு வளைவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன். வித்துட்டா வித்ததாப் போயிடும். யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க.

டெல்மர்: எனக்கு மட்டும் என்ன? நானும் எத்தனையோ தடவ வந்து டிராக்டரப் பத்திப் பேசிட்டுப் போயிருக்கேன். "அதக் குடு, நான் வெச்சுக்கறேன்"னு கேக்க நாக்கு எழல. கேட்டா நீ அடிப்பேன்னு நெனச்சேன்.

ஹார்லன்: அடிச்சிருப்பேன்.

டெல்மர்: வெலைக்குன்னா கேக்கலாம்ல. அதான்.

ஹார்லன்: காச எடுத்துக்கோ.

டெல்மர்: மாட்டேன். வாங்கினதா இருக்கட்டும். நல்லா ஆனதும் நீ என்கிட்ட திருப்பி வாங்கு. அப்ப நான் நிஜமாவே துருன்னு சொல்லி உன்ன ஒரு வழி பண்றேன்.

ஹார்லன்: விக்கிறவன் எப்படிடா துருன்னு சொல்லுவான்?

டெல்மர்: அத அப்ப யோசிக்கலாம்.

ஹார்லன்: நடீன்கிட்ட நீ மாட்டிக்கிட்டியே, அதான் வருத்தமா இருக்கு. பாவம், பன்னண்டாவது வேண்டாம்னு அவ இவ்வளவு சொல்றா...

டெல்மர்: அத நீ அவகிட்டயே கேளு.

ஹார்லன்: இன்னும் ஒண்ணு இருக்கு. சொல்லிடறேன். ராத்திரி எந்நேரத்துலயாவது நான் போன் பண்ணி, அத எடுத்துட்டு வான்னு கேட்டா... குடுக்காத டெல்மர். கத்தினாலும் குடுக்காத. நல்லாத்தான் இருக்கேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் குடுக்காத.

நடீன்: இவர் தூங்கினா கூரை பறந்தாலும் எந்திரிக்க மாட்டாரு ஹார்லன், நான்தான் எடுப்பேன். காலைல இவர் அந்தச் சீட்டக் கொண்டாந்து காட்டினதும், போய் வாங்குங்கன்னு வண்டியில புடிச்சுத் தள்ளினதே நான்தான். பொண்டாட்டி திட்டாம எந்தத் துப்பாக்கியும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல, திட்டலேன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமேன்னுதான் கூடவே வந்து திட்டினேன்... கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சு. நீங்க கூப்பிடுங்க. துப்பாக்கி வராது, நாங்க வருவோம். மே மாசத்துலேர்ந்து போன் என் தலகாணிக்குப் பக்கத்துலதான் இருக்கு, நீங்க இன்னும் ஒரு தடவகூடக் கூப்பிடல.