முதுகு காட்டி நிக்கிறவ

ஏணிய அங்கயே சாத்தி வைங்கண்ணே. பெயிண்ட் வாளியையும் கீழ வைங்க. கொஞ்ச நேரம். ஆமா, இந்தச் சுவரத்தான் அடிக்கணும், ரூம் மாறல.

இல்லண்ணே, யாரும் வரையல. மழத்தண்ணி ஒழுகுன கறைதான். நல்லா பாருங்க... அட, நீங்களும் பொம்பளைன்னுதான் சொல்றீங்க! முதுகு காட்டி நிக்கிறா, ஈரத் தலைமுடிய ஒதறி ஒரு பக்கமா போட்டிருக்கா. பாருங்க, ஒருத்தரும் சொல்லாமலே உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சு.

நான் பாடம் நடத்துறது இங்கதான். அழகுன்னா என்ன, கலைன்னா என்னன்னு. சிரிக்காதீங்க, அதுக்கும் சம்பளம் குடுக்குறாங்க. மொத நாளு புத்தகமே தெறக்க மாட்டேன். பசங்கள இதுக்கு முன்னாடி உக்கார வச்சு, அழகா இருக்கான்னு கேப்பேன். இருக்கும்பாங்க. சரி, யாருமே வரையாதது கலையாகுமா? அவ்வளவுதான், அடிதடி ஆரம்பிச்சிடும். மழை வரைஞ்சதும்பான் ஒருத்தன். பாக்குற கண்ணுதான் வரையுதும்பா ஒருத்தி. கடைசி பெஞ்சுலேருந்து ஒருத்தன், சார், எனக்கு எருமைதான் தெரியுதுன்னான். அவன விடுங்க, அவனுக்குப் பசி நேரம்.

நானா? இதுல யாரும் இல்ல, சுண்ணாம்பும் தண்ணியும்தான், மிச்சமெல்லாம் நம்ம மனசு போடுறதுன்னு சத்தமா சொல்லுவேன். சத்தமா சொன்னாத்தான் எனக்கே கேக்கும்.

எம் பொண்டாட்டி தலை குளிச்சிட்டு இப்படித்தான் நிப்பா. ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு தோள் லேசா எறங்கி. இல்லண்ணே, இப்ப இல்ல. அவ போய்ச் சேந்த வருஷம் பெஞ்ச மழையிலதான் இது ஊறி வந்துச்சு. மொட்டமாடி விரிசல அடைக்க வந்த கொத்தனார நான்தான் திருப்பி அனுப்புனேன். பசங்க போனப்புறம், இன்னைக்கும் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் கதவப் பூட்டுவேன்.

அப்புறம் எதுக்கு அடிக்கச் சொன்னாங்களா? ஆபீஸ்ல யாரும் சொல்லலண்ணே. எழுதிக் குடுத்தது நான்தான்.

போன வாரம் ஒரு பொண்ணு, வாயே தெறக்காத பொண்ணு, எந்திரிச்சா. சார், இவங்க முதுகு காட்டி நிக்கல, திரும்பிக்கிட்டு இருக்காங்க, அடுத்த மழைக்கு முகம் தெரிஞ்சிடும்னா. பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எல்லாரும் போனதும் கிட்டப் போயி பாத்தேன். ஆமாண்ணே. காதோரமா புதுசா ஒரு கோடு எறங்கியிருக்கு. கன்னம் மாதிரி.

அது அவ முகமா இருந்துட்டா என்னால இந்த ரூமுக்குள்ள கால் வைக்க முடியாது. வேற யாரு முகமாவது இருந்துட்டா, இத்தன நாளா நான் யாருகிட்டண்ணே பேசிக்கிட்டு இருந்தேன்?

என்ன சொல்றீங்க? விரிசல அடைக்காம அடிச்சா, பெயிண்ட மீறி மறுபடி ஊறி வந்துடுமா?

மறுபடின்னா, மொதல்லேருந்தா? முதுகுலேருந்து?

சரிண்ணே. நீங்க அடிங்க. மாடி விரிசல மட்டும் அப்படியே விட்டுடுங்க.