சைபர் போட்ட பள்ளிக்கூடம்

எப்போதும்வென்றான் போகிற பஸ்ஸில் அன்று டிரைவர், கண்டக்டர், ஒரு ஹெட்மாஸ்டர், ஒரு டீச்சர், பின்சீட்டில் நான், அவ்வளவுதான்.

"ஒரு வருசம் குடிக்காதீயன்னு பாடம் நடத்தி, குடிக்கிற பையங்க சைபர்லருந்து பதினொண்ணு ஆயிட்டாங்கன்னு அறிக்கை எழுத முடியுமா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"முதல்ல, பள்ளிக்கூடத்து மானம் போயிரும்னு, பிள்ளைகளக் கேக்காமலே நீங்கதான் சைபர் போட்டீய சார். இப்பத்தான கேட்டோம்."

"இப்பவும் சைபரே போடுங்க டீச்சர். இந்தப் பாடம் நடத்துறதுக்கு சர்க்கார் தர்ற மானியத்துல மிச்சம் வரணும்லா?"

"உதவி பண்ணுவோம்னு சொல்லித்தான் பிள்ளைகள்ட்ட குடிக்கிறத எழுதி வாங்குனேன். நம்பி எழுதிருக்குதுவ. சைபர்னு போட்டா அதுகளுக்கு யாரு சார் உதவுவா?"

ஹெட்மாஸ்டர் முகம் சுண்டிப்போனது. நான் பார்த்ததைப் பார்த்துவிடுவாரோ என்று குனிந்துகொண்டேன்.

"முதல்ல போட்ட சைபர் நான் சொன்ன பொய்யின்னே எழுதுங்க டீச்சர்," என்றார் மெதுவாக. "வந்தா வரட்டும், பாக்கி நாப்பதாயிரம்."